காலுக்குள் சீமெந்து

டொக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தபோது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: கட்டிலில் மச்சான், கால்மாட்டில் அவர் மனைவியான என் ராத்தா, சுவரோடு ஒட்டியபடி நான். வாப்பா வரவில்லை. கல்முனையில் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமில் காலையும் மாலையும் பெயர் கூப்பிடுவார்கள். குடும்பத்துக்கு ஒருவராவது எழும்பி 'ஓம்' சொல்லாவிட்டால் அடுத்த நாள் அரிசி இல்லை. அந்த 'ஓம்' சொல்வதற்காக வாப்பா நின்றுவிட்டார். ராத்தாவின் சின்ன மகளும் அவரோடுதான். உம்மா எங்கும் இல்லை. கடல் வந்துபோன பிறகு கிடைத்த மையத்துகளை ஒரே குழியில் சேர்த்து அடக்கினார்கள். அதற்குள் உம்மாவும் இருந்தார் என்று வாப்பா சொல்லுவார். நாங்கள் திருப்பிக் கேட்பதில்லை.

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில் வந்து குடியிருப்பதுதான் வழக்கம். அதனால் ராத்தாவின் புருஷனோடு நான் சின்ன வயதிலிருந்தே ஒரே கூரையின் கீழ் வளர்ந்தேன். மச்சான் மேசன். கடற்கரைப் பக்கமிருந்த எங்கள் வீட்டுக்கு மதில் கட்டியது அவர்தான். தண்ணீர் வந்தபோது அந்த மதில்தான் அவருடைய வலது காலில் விழுந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது ஒரே கதை.

"நான் கட்டின மதில் எண்டபடியாத்தான் உடையாம முழுசா வந்து உழுந்திச்சு. வேற ஆள் கட்டியிருந்தா நடுவழியிலயே உதிர்ந்திருக்கும். என்ட காலும் தப்பியிருக்கும்."

கல்முனையிலிருந்து அம்பாறைக்கும், அங்கிருந்து கண்டிப் பக்கத்து ஒரு பெரியாஸ்பத்திரிக்கும் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்ப்பேன். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பெரிய எலும்பு பாதியில் நின்றுபோயிருந்தது. பிறகு நாலு விரல் அகலத்துக்கு வெறும் கறுப்பு. அதற்குப் பிறகு மீண்டும் எலும்பு. ஒடிந்த எலும்பை நான் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். இல்லாமல் போன எலும்பை அன்றுதான் பார்த்தேன்.

டொக்டர் சிங்களவர். என்னோடு இங்கிலிஷில் கதைத்தார். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவு வரக் காத்திருந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்பு வாங்கு வரைக்கும் போன முதல் ஆள். அவர் சொன்னதில் பாதி சொல்லாக விளங்கியது, மீதியை முகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே வெட்டுவதென்றால் நாளைக்கே வெட்டலாம், சீக்கிரம் ஊருக்குப் போய்விடலாம். காலைக் காப்பாற்றுவதென்றால் ஒன்றல்ல, பல ஒப்பரேசன். செத்த எலும்பை எல்லாம் சுரண்டி எடுத்து, இடைவெளியில் மருந்து கலந்த ஒன்றை அடைத்து, வெளியிலிருந்து இரும்புக் கம்பிகளால் காலைப் பிடித்து வைப்பார்கள். சில கிழமை கழித்துத் திரும்பவும் திறந்து, அடைத்ததை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்புவார்கள். "நடுவில் விட்டுவிட்டுப் போனால் இரண்டும் இல்லை," என்றார்.

நான் தமிழில் சொல்லி முடிக்க முன்பே மச்சான் கேட்டார்:

"வெட்டினா நான் சாரத்துல ஏறுறது எப்பிடி தம்பி?"

சாரம் என்றால் சுவருக்கு வெளியே மேசன்மார் நின்று வேலை செய்ய மரத்தால் கட்டும் தட்டு. மச்சானுக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இருக்கவில்லை. ராத்தா என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன். காப்பாற்றுங்கள் என்று சொன்னேன்.

முதல் ஒப்பரேசன் முடிந்ததும் ராத்தா ஒரு காரியம் செய்தார். சுரண்டி எடுத்த எலும்புத் துண்டுகளைத் தரும்படி கேட்டார். எங்களுக்குள் உடம்பிலிருந்து போனது எதுவானாலும் மண்ணுக்குள் போக வேண்டும், குப்பைக்குள் அல்ல. வார்டு நர்ஸ் மிஸ்ஸுக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார். அதைத் துணியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நான் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் பக்கத்துச் சீற்றுக்காரர் சாப்பாட்டுப் பார்சல் என்று நினைத்து ஒதுங்கி இடம் விட்டார். வாப்பா பள்ளிவாசல் மையவாடியின் ஓரத்தில் ஒரு முழத்துக்குத் தோண்டி அடக்கினார். உம்மாவுக்குத் தனியாக ஒரு கபுறு வாய்க்கவில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னதும் மச்சான் சிரித்தார். "அப்ப கால்வாசி மையத்து அடக்கியாச்சு எண்டு சொல்லு. மிச்சம் முக்கால்வாசிக்கு அவசரமில்ல."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார், சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

பிழை அதற்குப் பிறகுதான் நுழைந்தது. கட்டு மாற்ற வந்த மிஸ், காலுக்குள் என்ன இருக்கிறதென்று மச்சான் கேட்டபோது, சிங்களத்தில் சாதாரணமாகச் சொன்னார்: உள்ளே சிமெந்தி வைத்திருக்கிறோம். மச்சான் அம்பாறை ரவுனில் சிங்கள முதலாளிமாரிடம் பல வருடம் வேலை செய்தவர். அதை விளங்க அவருக்கு நான் தேவைப்படவில்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"சீமெந்தா? தம்பி, கேட்டியா, சீமெந்து வெச்சிரிக்காங்க! நீ என்னமோ மருந்து கிருந்து எண்டு சொன்னாய்."

அது வேறு வகை, எலும்புக்கென்று செய்வது, கொஞ்சக் காலத்துக்குத்தான் என்றேன். அவர் காதில் விழவில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டார். பூசிய சீமெந்துக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் வெடித்துவிடும் என்பது அவருடைய தொழில். கம்பிகள் தோலுக்குள் இறங்கும் இடங்களை உப்புத்தண்ணீரால் தினமும் கழுவ வேண்டும் என்று மிஸ்மார் காட்டித் தர, மச்சான் எனக்குக் கண்ணடித்தார். ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கழுவலுக்கு அவர் வைத்த பெயர் 'தண்ணி ஊத்துறது'. ஒரு நாளும் தவறவிடமாட்டார். ராத்தா மறந்தாலும், "இஞ்ச, தண்ணி ஊத்தல்ல இன்னம்," என்று கூப்பிடுவார். அவரைப்போலக் கவனமான நோயாளியை அந்த டொக்டர் கண்டிருக்க மாட்டார், ஆனால் கவனமெல்லாம் தப்பான பொருளின் மீது.

ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. இறுகிய சீமெந்து நாளுக்கு நாள் பலப்படும், அதை ஏன் கழற்ற வேண்டும்?

இரண்டாவது ஒப்பரேசனுக்குத் தந்த தேதி வந்தது. போகவில்லை. அந்த நேரம் கரையோரம் முழுக்க வீடு கட்டும் காலம். கடலிலிருந்து தள்ளித்தான் கட்டலாம் என்று ஒரு நாள் சொல்வார்கள், மறுநாள் தூரத்தை மாற்றிச் சொல்வார்கள். வயல் பக்கம் மண் நிரப்பி வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. மேசன் என்ற பெயருக்கே மரியாதை கூடியிருந்த நாட்கள். முதலில் மச்சான் இரண்டு ஊன்றுகோலோடு போய்க் கதிரையில் இருந்து வேலை பார்த்தார். பிறகு ஒரு ஊன்றுகோல். பிறகு ஒரு நாள் நான் சைக்கிளில் போனபோது உடுத்திருந்த சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காலைச் சுற்றி இரும்புக் கம்பிகள் வெயிலில் மின்ன, சாரத்தின் முதல் தட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"இறங்குங்க மச்சான்!"

"ஏன்? என்ன பிழை? கம்பியும் இரிக்கி, சீமெந்தும் இரிக்கி. கம்பி போட்ட கொங்கிறீட்டுடா இது. உன்ட காலுதான் வெறும் எலும்பு. நீ கவனமா நில்லு."

கீழே நின்ற கூலியாட்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. என் ஏ.எல். முடிவு வந்திருந்தது. பல்கலைக்கழகத்துக்கு விஞ்ஞானப் பிரிவில் இடம் கிடைக்கும் போலிருந்தது. அந்தச் செய்தியோடு ஒரு இடத்தில் இருக்கக்கூட என்னால் ஏலவில்லை. முகாமிலிருந்து நாங்கள் தகரக் கொட்டிலுக்கு மாறியிருந்தோம். நான் கொட்டிலுக்கும் நூலகத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கண்டி பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய உடற்கூற்றுப் புத்தகத்தில் எலும்பைப் பற்றி இருந்ததையெல்லாம் வாசித்தேன். எலும்பு செத்த பொருளல்ல, அதற்குள் இரத்தம் ஓடுகிறது, அது தன்னைத்தானே உடைத்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. இதை மச்சானுக்குச் சொன்னால், "அப்ப அதுவும் மேசன்தான்," என்பார். அத்தோடு கதை முடிந்துவிடும்.

அடுத்த வருடம் சண்டை திரும்பத் தொடங்கியது. வீதியில் சோதனைச் சாவடிகள் கூடின. இன்றைக்கு ஹர்த்தால், நாளைக்கு ஊரடங்கு என்று நாட்கள் உடைந்தன. அந்த நாட்களில்தான் மச்சானின் கம்பியடியில் ஒரு இடம் சிவந்தது. பிறகு சீழ். பிறகு காய்ச்சல். கல்முனையில் பார்த்த டொக்டர் தமிழில் நேரே சொன்னார்: சீழ் உள்ளே எலும்புக்கு இறங்கிவிட்டால் கால் போய்விடும், முழங்காலுக்கு மேலே. இந்தக் காலைச் செய்த இடத்துக்கே உடனே போங்கள்.

கொட்டிலுக்கு வந்ததும் மச்சான் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னது: "மருந்து தந்திரிக்காங்கல்லவா. சீழ் வத்திரும். அதுக்காக இறுகின சீமெந்தக் கழட்டுவானுகளா? எந்த மடையன் கழட்டுவான்?"

நான் கத்தத் தொடங்கினேன். டொக்டர் எனக்கு விளக்கியதை எல்லாம் திரும்பச் சொன்னேன். அந்தச் சீமெந்து எலும்பாகப் போவதில்லை. அது இடம் பிடித்து வைக்கத்தான். அது இருக்கும்வரை அதைச் சுற்றி உடம்பே ஒரு தோலை உண்டாக்கும். அந்தத் தோலுக்குள் இரத்தம் ஓடும். சீமெந்தை எடுத்துவிட்டால் அந்தத் தோல் ஒரு பையைப்போல நிற்கும், அதற்குள்தான் இடுப்பெலும்பைத் துகளாக்கி நிரப்புவார்கள், அதுதான் பிறகு எலும்பாகும். மச்சான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பாடம் நடத்துகிறேன், அவர் மணியடிக்கக் காத்திருக்கிறார்.

அடுப்படியிலிருந்து ராத்தா அகப்பையோடு வந்தார்.

"தம்பி, நீ சொல்றதப் பாத்தா அது சீமெந்தில்ல. பலகை." பிறகு மச்சானைப் பார்த்தார். "லிண்டல் போடக்குள்ள பலகை அடிக்கிறீங்க. கொங்கிறீட் போடாம, வெறும் பலகைய உட்டுட்டு இந்தா ஊடு எண்டு திறப்பக் குடுத்திருக்கீங்களா ஆருக்கும்? ஒன்றர வருசமா வெறும் பலகைல நிண்டுக்கிட்டு கொங்கிறீட் எண்டு ஊருக்குக் கதை சொல்றீங்க. வெக்கமில்லியா?"

மச்சான் எழும்பி உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் நான் முதன்முதலாகப் பயத்தைக் கண்டேன். கடல் வந்தபோது அவரைப் பார்த்தவன் நான், அப்போதுகூட அந்தப் பயம் இல்லை. கீழே குனிந்து தன் காலைத் தொடாமல் பார்த்தார். வெறும் பலகைமீது எத்தனை நாள் ஏறி நின்றோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "நிரப்புற எலும்பு ஆருட எலும்பு?"

"உங்கட இடுப்பெலும்புதான்."

"மாட்டெலும்பு, மையத்தெலும்பு ஒண்டுமில்லியே?"

"இல்ல. உங்கடதுதான்."

"ஆ. இடிஞ்ச ஊட்டுக் கல்லக் கழட்டித் திரும்பக் கட்டுற மாதிரி." தலையை ஆட்டினார். ஊரெல்லாம் அதைத்தானே செய்துகொண்டிருந்தது. "அது புடிக்கும். பழைய கல்லு நல்லாப் புடிக்கும். எப்ப போற?"

போவது அத்தனை லேசாக இல்லை. வீதி இரண்டு தடவை மூடப்பட்டது. மூன்றாவது முறை புறப்பட்டபோது ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சாரனுக்குள் இரும்பு வைத்திருக்கும் ஒரு ஆள் அந்த நாட்களில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் என்ன ஆகும்? ஆமிக்காரன் துவக்கை நீட்டியபடி பின்னால் பாய்ந்தான். நான் கையை உயர்த்திக்கொண்டு எனக்குத் தெரிந்த சிங்களம் அத்தனையையும் மறந்துபோனேன். மச்சான்தான் பொறுமையாகச் சாரனை முழங்கால் வரை தூக்கிக் காட்டி, சுனாமி என்றார். அந்த ஒரு சொல் எல்லாப் பாஷையிலும் ஒன்றாக இருந்தது. ஆமிக்காரன் குனிந்து பார்த்தான். என் வயதுதான் இருக்கும். கம்பிகளையும் திருகுகளையும் பார்த்துவிட்டு மற்றவனைக் கூப்பிட்டான்.

"யக்கட மினிஹா," என்றான். இரும்பு மனிசன்.

"ஓம் மாத்தயா," என்றார் மச்சான். "ஆனா உள்ளுக்கு வெறும் பலகை." அதை அவர் தமிழில் சொன்னதால் ஆமிக்காரனுக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் திட்டினார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, மச்சான் கேட்கவுமில்லை. கம்பிகளை இடம் மாற்றி அடித்து, சீழ் வற்றும்வரை ஊசி போட்டு, அதன் பிறகுதான் காலைத் திறந்தார்கள். ராத்தாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு அறை எடுத்துத் தங்கினோம். எனக்குப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது. போவேன், இரண்டு நாளில் திரும்பி வருவேன். வகுப்பில் இருந்தால் வார்டிலும் வார்டில் இருந்தால் வகுப்பிலும் என் புத்தி நின்றது. ராத்தா ஒரு நாள், "நீ ஒரு இடத்துல இரி, இல்லாட்டி என்னையும் கூட்டிக்கிட்டு ஓடு," என்றார்.

ஒப்பரேசனுக்குப் பிறகு மச்சானுக்கு நொந்தது கால் அல்ல, இடுப்பு. கால் வெட்டப்பட்டவன் காலைத் தேடுவதுபோல அவர் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். சுற்றியிருந்த தோல் நல்லபடி உண்டாகியிருந்தது, அதைத் திறந்து சீமெந்தை எடுத்துத் துகள்களை நிரப்பித் தைத்துவிட்டோம் என்று டொக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான்.

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒவ்வொரு கிளினிக்கிலும் படத்தை டொக்டருக்கு முன்பே ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். முதல் படத்தில் கறுப்புக்குள் வெண்பொடி தூவியதுபோல. அடுத்ததில் பஞ்சு. அதற்கடுத்ததில் பஞ்சு கொஞ்சம் கெட்டியானது போலவும் இருந்தது, என் ஆசையாகவும் இருக்கலாம். மேல்பக்கம் எலும்போடு சேர்ந்துவிட்டது. கீழ்ப்பக்கம் சேரவில்லை. ஒரு நூல் அளவு கறுப்புக்கோடு. அந்தக் கோடு என்னைத் தூங்கவிடவில்லை. மாதக்கணக்காகப் பார்த்தும் அது போகாததால், மற்றப் பக்கத்து இடுப்பிலிருந்தும் எடுத்து வைக்க வேண்டும் என்றார்கள்.

"சரி," என்றார் மச்சான். "ரெண்டு பக்கத்தாலயும் கல்லுக் கழட்டியாச்சு. இனி என்னட்ட மிச்சம் மண்டையோடு ஒண்டுதான். அதையும் எடுத்தா உன்ட ராத்தா சந்தோசப்படுவா."

"அதுக்குள்ளயும் சீமெந்துதான் இரிக்கும்," என்றார் ராத்தா.

சண்டை கிழக்கில் ஓய்ந்து வடக்குக்குப் போனது. அந்த ஒப்பரேசனும் முடிந்து, மாதங்கள் கழித்துக் கம்பிகளைக் கழற்றி, மாவுக்கட்டுப் போட்டு, அதையும் எடுத்து, ஒரு உயர்ந்த சப்பாத்துக் கொடுத்தார்கள். கால் கொஞ்சம் கட்டை. கடைசிக் கிளினிக்குக்கு நாங்கள் போன நாள், யுத்தம் முடிந்த செய்தி வந்திருந்தது. தெருவெங்கும் கொடி. பட்டாசு வெடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளும் அந்தச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் நான் திடுக்கிட்டேன். சந்தோசப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. டொக்டர் படத்தை மேசை வெளிச்சத்தில் வைத்து, கீழ்ப்பக்கத்தைப் பேனையால் காட்டினார். கோடு இல்லை. நான் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இல்லை.

"சேர்ந்துவிட்டது. நடக்கலாம். வேலையும் செய்யலாம்."

மச்சான் சிங்களத்தில் தானே கேட்டார், சாரத்தில் ஏறலாமா என்று. டொக்டர் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, தெரிந்துகொண்டு, தலையை ஆட்டினார். ஏறக்கூடாது. நிலத்தில் நின்று செய்வதென்றால் பரவாயில்லை. அந்த எலும்பு இன்னொரு அடியைத் தாங்காது.

திரும்பும் பஸ்ஸை ஒரு சந்தியில் மறித்து ஜன்னல் வழியாக வெற்றிப் பாற்சோறு கொடுத்தார்கள். ராத்தா வாங்கினார். மச்சான் சாப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த மாடி வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார், ஒவ்வொரு சாரத்தையும் தலையைத் திருப்பிப் பார்த்தார். பாதி வழியில் நான் கேட்டேன், கவலையா என்று.

"கவலை இல்லடா. அந்த ஊட்டுக்காரன் சாரம் கட்டின முறை சரியில்ல. ஆராவது உழப்போறான்."

வீட்டுக்கு வந்தோம். வீடு என்றால் இப்போதும் பாதிதான். ராத்தாவுக்கென்று எழுதிக் கொடுத்த காணியில் அத்திவாரமும் இரண்டு அறைச் சுவரும் நின்றன, கூரை அதே தகரம். வாப்பா வாசலில் நின்றார். மச்சான் ஓட்டோவிலிருந்து தடி இல்லாமல் இறங்கி நடந்து வருவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"புடிச்சிட்டா மருமகன்?"

"ஓம் மாமா. புடிச்சிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ். ஏற ஏலுமா?"

"ஏலா. நிலத்துல நிண்டு செய்யலாம். பூச்சு, நிலம் போடுறது, அது இது."

வாப்பா காசில்லாமல் பாதியில் நின்ற அந்த இரண்டு அறைச் சுவரைப் பார்த்தார். ஆஸ்பத்திரி அரசாங்கத்தின் ஆஸ்பத்திரி, ஒப்பரேசனுக்கு யாரும் ஒரு சதம் கேட்கவில்லை. அன்றைக்கே வெட்டியிருந்தால் பஸ் காசோடு முடிந்திருக்கும். காசு முடிந்ததெல்லாம் வெளியில்: அறை வாடகை, சாப்பாடு, வெளியே வாங்கச் சொன்ன ஊசிகள், வாகனம், வேலைக்குப் போகாத வருடங்கள், அதற்காக விற்ற நாவிதன்வெளிப் பக்கத்து ஒரு ஏக்கர் வயல், ராத்தாவின் கழுத்திலும் கையிலும் இருந்த நகை.

"எல்லாமா எவ்வளவு காசு முடிஞ்சிரிக்கும் மக?" என்று வாப்பா ராத்தாவிடம் கேட்டார்.

ராத்தா மச்சானை ஒரு தடவை பார்த்தார். மச்சான் சப்பாத்தைக் கழற்றுவதில் குனிந்திருந்தார். விரல் மடிக்காமல், யோசிக்காமல், பாடமாக வைத்திருந்ததைப்போல ராத்தா சொன்னார்:

"ஏழு லெட்சத்தி பதினெட்டாயிரம்."